டேட்டோனாவில் புதனும் வியாழனும்: பந்தயத்துக்குள் நுழைவதற்கான பந்தயம்

டேட்டோனா 500 என்னும் 500 மைல் கார் பந்தயத்தை ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் அதன் பாதியைத் தவறவிடுகிறார்கள். 2025 பிப்ரவரியில் ஃப்ளோரிடா சென்று, புதன் இரவு நடந்த தகுதிச்சுற்றையும் வியாழன் இரவு நடந்த, டூயல் எனப்படும் இரண்டு தகுதிப் பந்தயங்களையும் பார்த்துவிட்டு வந்த சூட்டோடு இதை எழுதுகிறேன். போக்குவரத்து, தங்குமிடம், சாப்பாடு என்று வரிசையாகத்தான் எழுத நினைத்தேன். ஆனால் மனம் முழுவதும், ஞாயிறு பந்தயத்தில் ஓர் இடம் பிடிப்பதற்காக அந்த இரண்டு இரவுகளில் நடந்த போராட்டத்திலேயே நிற்கிறது.

வயிற்றெரிச்சலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒர்லாண்டோ விமான நிலையத்திலிருந்து டேட்டோனா பீச் வரை வாடகைக் காருக்குப் பேசிய தொகை 110 டாலர். விடுதி வாசலில் பெட்டியை இறக்குவதற்கு முன்பே ஓட்டுநர் 150 டாலர் கேட்டார். பந்தய வாரத்தில் இதுதான் விலை என்பது அவருடைய ஒரே விளக்கம். பேசிய தொகைக்கு மேல் ஒரு காசும் தர மாட்டேன் என்று நின்றதில் கால் மணி நேரம் வீணாகி, கடைசியில் 120 டாலருக்கு முடிந்தது. பந்தய வாரத்தில் கடற்கரையோர விடுதிகளின் வாடகை கையைச் சுட்டுவிடும் என்பதால், நெடுஞ்சாலையை ஒட்டிய பழைய மோட்டல் ஒன்றில்தான் தங்கினேன். சுத்தமாக இருந்தது, அது போதும்.

அங்கே மிச்சப்படுத்திய பணம் ராக் ஷ்ரிம்ப் என்னும் இறாலுக்குப் போனது. அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஃப்ளோரிடாவின் கிழக்குக் கரையில் பெயர் பெற்ற இந்த இறாலின் ஓடு கையால் உரிக்க முடியாத அளவுக்குக் கெட்டியானது. அதனால் இரண்டாகப் பிளந்து, வெண்ணெய் தடவி, தீயில் வாட்டித் தட்டு நிறைய அடுக்கிக் கொண்டுவருகிறார்கள். சதை சிங்கி இறாலைப் போலத் தித்திப்பாகவும் இறுக்கமாகவும் இருந்தது. எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டதைத் தவிர வேறு எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. அந்தப் பக்கம் போகிறவர்கள் தவறாமல் சாப்பிட வேண்டும். அங்கிருந்து, 1947 டிசம்பரில், இந்தக் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பைத் தொடங்குவதற்கான கூட்டம் நடந்த ஸ்ட்ரீம்லைன் ஹோட்டலையும், 1958 வரை கார்கள் பந்தயம் ஓடிய கடற்கரை மணலையும் பார்த்துவிட்டு அரங்கத்துக்குப் போனேன்.

புதன் இரவில் கார்கள் ஒவ்வொன்றாகத்தான் வெளியே வருகின்றன. 2.5 மைல் நீளமுள்ள தடத்தில், 31 பாகை சாய்ந்து எழும் வளைவுகளில், ஒரே கார் தனியாக ஓடும்போது அதன் எஞ்சின் சத்தம் மைதானத்தின் மறுகோடிக்குப் போய்த் திரும்பி வருவது தெளிவாகக் கேட்கிறது. ஓட்டுநர் முழு வேகத்தில் மிதித்தபடியே இருக்கிறார். காரைக் கட்டியவர்களின் உழைப்பைத்தான் அந்தச் சுற்று அளக்கிறது. சேஸ் பிரிஸ்கோ மணிக்கு 182.745 மைல் வேகத்தில் ஓடி முதலிடத்தைப் பிடித்தார். டேட்டோனா 500 வரலாற்றில் டொயோட்டா காருக்குக் கிடைத்த முதல் போல், அதாவது முதலிடத்திலிருந்து கிளம்பும் உரிமை, அது. 1987இல் பில் எலியட் இதே தடத்தில் 210.364 மைல் வேகத்தில் ஓடியிருந்தார். அதே ஆண்டு டல்லடேகா தடத்தில் பாபி அலிசனின் கார் பறந்து வேலியைக் கிழித்ததால், 1988 முதல் எஞ்சினுக்குள் செல்லும் காற்றைக் குறைக்கும் தகடுகளைப் பொருத்தினார்கள். எலியட்டின் சாதனை அப்படியே நிலைத்துவிட்டது.

டேட்டோனாவின் விசித்திரம் என்னவென்றால், கிளம்பும் வரிசையில் அந்த வேகம் முன்வரிசையின் இரண்டு இடங்களை மட்டுமே தீர்மானிக்கிறது. மற்றவர்கள் எந்த இடத்திலிருந்து கிளம்புவார்கள் என்பது வியாழன் டூயல்களில் முடிவாகிறது. ஒரு காலத்தில் 100 மைலாக இருந்து, 1969 முதல் 125 மைலாகவும் 2005 முதல் 150 மைலாகவும் நீண்ட இந்த இரட்டைப் பந்தயங்களைப் போலத் தகுதிக்காகவே ஓடும் பந்தயம் நாஸ்காரில் சாம்பியன் பட்டத்துக்குப் புள்ளி தரும் வேறெந்தப் பந்தயத்துக்கும் இல்லை.

நாஸ்காரில் தகுதிச்சுற்று விதிகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. வேகமானவன் ஓடுவான், மெதுவானவன் வீட்டுக்குப் போவான் என்பதுதான் அடிப்படை நியாயம். ஆனால் பெயர் பெற்றவர்கள் வீட்டுக்குப் போகும்போது அந்த நியாயம் எப்போதும் ஆட்டம் கண்டிருக்கிறது. 1989இல் ரிச்மண்டில் ஏழு முறை சாம்பியனான ரிச்சர்ட் பெட்டி தகுதி பெறத் தவறியதோடு, தொடர்ந்து 513 பந்தயங்கள் ஓடிய அவரது தொடர் அறுந்தது. அதன் பின் முன்னாள் சாம்பியன்களுக்கென்றே ஒரு சலுகை இடம் உருவானது. 2005இல் புள்ளிப் பட்டியலின் முதல் 35 அணிகளுக்கு இடம் உறுதி என்று விதித்தார்கள். விளைவு, நேரப்படி வேகமாக ஓடிய சிறிய அணி வெளியே நிற்க, அதைவிட மெதுவாக ஓடிய பெரிய அணி உள்ளே இருந்தது. இதைவிட மோசமான விதி நாஸ்காரில் வந்ததில்லை என்பது என் உறுதியான கருத்து. 2013இல் அதை நீக்கியபோது, 43 இடங்களில் 36 மறுபடியும் வேகத்துக்குக் கிடைத்தன.

அடுத்த ஆண்டே, பார்வையாளர்களுக்கு விறுவிறுப்பு வேண்டும் என்பதற்காக, எல்லோரையும் ஒன்றாகத் தடத்தில் இறக்கிப் படிப்படியாக வெளியேற்றும் முறையைக் கொண்டுவந்தார்கள். பெரிய தடங்களில் முன்னால் போகும் காரின் காற்று மறைவில் ஓடுபவனுக்குத்தான் அதிக வேகம் கிடைக்கும். ஆகவே யாரும் முதலில் போக மாட்டார்கள். 2015இல் இதே டேட்டோனாவில் தகுதிச்சுற்றிலேயே கார்கள் மோதி நொறுங்கியதால், பெருந்தடங்களில் மட்டும் அந்த ஆண்டே தனிக்கார் முறைக்குத் திரும்பினார்கள். 2019 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் ஃபான்டானாவில், இறுதிச் சுற்றுக்கு வந்த 12 பேரும் அடுத்தவர் முதலில் போகட்டும் என்று தடத்தை ஒட்டிய பிட் சாலையில் காத்திருந்து, ஒருவர்கூட நேரத்துக்குள் சுற்றை முடிக்கவில்லை. டிக்கெட் வாங்கி வந்தவர்கள் கூச்சலிட்டார்கள். முந்தைய சுற்றின் நேரத்தை வைத்து ஆஸ்டின் டிலனுக்கு முதலிடம் தரப்பட்டது. அந்த மே மாதமே ஓவல் எனப்படும் நீள்வட்டத் தடங்கள் அனைத்திலும் தனிக்கார் முறை திரும்பியது. பெருந்தொற்றுக் காலத்தில் பெரும்பாலான பந்தயங்களுக்குத் தகுதிச்சுற்றே இல்லாமல், முதலில் சீட்டுக் குலுக்கியும் பின்னர் ஒரு கணக்கீட்டு முறையிலும் வரிசை அமைத்தார்கள்.

இப்போதைய பெரிய மாற்றம் 2016இல் வந்த சார்ட்டர் முறை. மொத்தம் 40 இடங்களில் 36, சார்ட்டர் பெற்ற அணிகளுக்கு ஆண்டு முழுவதும் நிச்சயம். மிச்சம் நான்கு இடங்கள்தான். அந்த நான்குக்கு 2025இல் வந்த கார்கள் ஒன்பது. புதன் இரவே நேரத்தின் அடிப்படையில் மார்ட்டின் ட்ரூயெக்ஸும் ஏழு முறை சாம்பியனான ஜிம்மி ஜான்சனும் இரண்டைப் பிடித்துவிட்டார்கள். ஆக, வியாழன் இரவில் டூயலுக்கு ஒரு இடம் வீதம் இரண்டே இடங்கள்.

முதல் டூயலில் பப்பா வாலஸ் வென்றார். ஆனால் அரங்கின் கண் முழுவதும் ஜஸ்டின் ஆல்கேயரின் 40ஆம் எண் காரின் மேல்தான் இருந்தது. முன்னாள் நட்சத்திர ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் ஜூனியரும் அவருடைய அக்காவும் நடத்தும் அணி உச்சப் பிரிவில் முதன்முறையாக நுழைய முயன்ற பந்தயம் அது. 2001இல் ஜூனியரின் தந்தை உயிர்விட்ட தடம் இது. ஆல்கேயர் இடத்தை உறுதிசெய்ததும் என் பக்கத்து இருக்கையில் இருந்த முதியவர், தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு, சிறிது நேரம் எழவே இல்லை. வென்றவருக்குக்கூட யாரும் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. இரண்டாம் டூயலில் கோரி லஜோய் நுழைந்தார். முடிவுக்கோட்டில் எரிக் ஜோன்ஸ் முந்தியதாகத் தெரிந்தும், விபத்தின்போது முந்துவதைத் தடுக்கும் மஞ்சள் விளக்கு அதற்கு முன்பே எரிந்துவிட்டதென்று ஆஸ்டின் சின்ட்ரிக்கை வெற்றியாளராக அறிவித்தார்கள்.

எனக்கு ஒப்பாதது ஒன்று உண்டு. 2025இல் புதிதாக, நாஸ்காருக்கு வெளியே உலகப் புகழ் பெற்ற ஓட்டுநருக்கு 41ஆவது இடம் என்று ஒரு சலுகை கொண்டுவந்தார்கள். இண்டியானாபோலிஸ் 500ஐ நான்கு முறை வென்ற எலியோ காஸ்ட்ரோநெவஸ் டூயலில் மோதி வெளியேறிய பிறகும் அதன் வழியாக ஞாயிறன்று ஓடினார். அவர் யாருடைய இடத்தையும் பறிக்கவில்லை என்பதும், அவர் அருமையான ஓட்டுநர் என்பதும் உண்மைதான். ஆனால் அதே இரவில் நான்கு அணிகள் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பின. அவர்களுக்கு எந்த 41ஆவது இடமும் இல்லை. புகழுக்கு இடம் ஒதுக்குவது, முதல் 35 விதி செய்த அதே அநியாயத்தின் சிறிய வடிவம்தான்.

செலவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: புதன், வியாழன் டிக்கெட்டுகளின் விலை ஞாயிறு டிக்கெட்டுக்குப் பக்கத்தில்கூட வராது. வளைவுக்கு நேர் எதிரே அமராமல், முடிவுக்கோட்டுக்கு அருகே மேல்தளத்தில் இருக்கை எடுங்கள். முழுத் தடமும் தெரியும். இரவில் கடற்காற்று குளிர்கிறது, ஆகவே தடித்த சட்டை கட்டாயம். திரும்பும் காரை முதல் நாளே, எழுத்தில் வந்த விலையோடு பதிவு செய்துவிடுங்கள்.