தாத்தா நெற்றியில் பறிபோன விபூதி: ஒரு வார எடிட்டிங் கதை

போன மாதம் தாத்தாவுக்கு 80ஆம் கல்யாணம். திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்ததும், வெயிலிலேயே நிறுத்தி வைத்துத் தாத்தா பாட்டியைப் போட்டோ எடுத்துத் தள்ளினேன். மணி பத்தரை இருக்கும், கடலூர் வெயில், தாத்தாவுக்கு வழுக்கை, உடம்பில் வெள்ளை வேட்டி, கீழே கருங்கல் தரை வேறு. கேமராத் திரையில் எல்லாம் பளிச்சென்று நன்றாகத்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் திறந்தால் நெற்றி முழுக்க பர்ன், அதாவது வெளிச்சம் அதிகமாகி வெளுத்துப் போயிருந்தது. மூன்று விபூதிப் பட்டையும் தோலும் ஒன்றாகக் கலந்து ஒரே வெள்ளை.

இதில் ஒரு முட்டாள்தனம் என்னுடையது. பாட்டியைத் தனியாக எடுத்த படங்கள் ராவில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) இருந்தன, தாத்தாவை எடுக்கும்போது கார்டில் இடம் குறைகிறதே என்று ஜேபெக்குக்கு (சுருக்கிய சின்ன ஃபைல்) மாற்றியிருக்கிறேன். ஃப்ரேம் போடக் கேட்டது தாத்தா படத்தைத்தான்.

பாட்டி படம் பெரிய வேலை வைக்கவில்லை. ரா படங்களைத் திருத்தும் டார்க்டேபிள் மென்பொருளில் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப்புக்கு மேல், அதாவது வெளிச்சம் பாதிக்கும் கீழே போகிற அளவுக்கு, இறக்கினேன், கன்னத்துச் சுருக்கமெல்லாம் திரும்பி வந்தது. ஹைலைட் ரீகன்ஸ்ட்ரக்‌ஷனை (வெளுத்துப்போன இடத்தை நிரப்பித் தரும் வசதி) அணைத்துப் பார்த்தபோது மட்டும் பாட்டி தோளுக்குப் பின்னால் தெரிந்த வேட்டி கத்தரிப்பூ நிறத்துக்குப் போனது. சென்சாரில் பச்சை முதலில் நிரம்பி உச்சத்தில் முட்டி நின்றுவிடுகிறது, சிவப்பையும் நீலத்தையும் ஒயிட் பேலன்ஸ் இன்னும் பெருக்கிவிடுகிறது, அதனால் வரும் கோளாறு அது. திரும்பப் போட்டு ‘இன்பெயின்ட் ஆப்போஸ்ட்’ முறையில் விட்டதும் சரியானது.

தாத்தா படத்துக்கு முதலில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன், ஹைலைட் ஸ்லைடரை அடியோடு இறக்கினேன். வெள்ளை போய்ச் சாம்பல் வந்தது, அவ்வளவுதான். அம்மா எட்டிப் பார்த்து, “என்னடா, நெத்தியில சிமெண்டு பூசின மாதிரி இருக்கு” என்றாள். அது சரிதான், ஜேபெக்கில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரைதான் அளவு, 255ஐத் தொட்ட இடத்தில் இழுத்துக் கொண்டுவர எதுவும் மிச்சமில்லை.

அப்புறம்தான் ஜிம்ப் என்ற எடிட்டிங் மென்பொருளில், நிறத்தின் எண்களைக் காட்டும் கலர் பிக்கரை வைத்து நெற்றியில் அங்கங்கே தொட்டுப் பார்த்தேன். ஓரிடத்தில் சிவப்பு 255, பச்சை 238, நீலம் 205. இன்னும் கொஞ்சம் தள்ளி 255, 229, 196. அதாவது முட்டியது சிவப்பு மட்டும், பச்சையில் இன்னும் ஏற்ற இறக்கம் இருக்கிறது! தனியாகப் பச்சை சானலைத் திறந்து பார்த்தால் மூன்று பட்டையும், நடுவில் சந்தனப் பொட்டின் விளிம்பும் மங்கலாகத் தெரிகின்றன. உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே துள்ளினேன்.

அந்தப் பச்சையைக் கறுப்பு வெள்ளை லேயராக்கி மேலே வைத்து, மோடை லூமினன்ஸுக்கு (வெளிச்சத்தை மட்டும் மாற்றுவது) மாற்றி, மாஸ்க்கில் (லேயர் எங்கே தெரியணும் என்பதற்கான மறைப்பு, கறுப்புப் பூசினால் மறையும்) நெற்றியை மட்டும் மெல்லிய பிரஷ்ஷால் திறந்தேன். லேயரை முழு ஒபாசிட்டியில் (அழுத்தத்தில்) வைத்தால் தாத்தா காய்ச்சலில் கிடந்தவர் போல ஆகிவிட்டார், 55 சதவீதத்தில் நிறுத்தினேன். சிவப்பு வெட்டுப்பட்டிருந்ததால் தோல் லேசாக மஞ்சள் தட்டியது, மஞ்சள் தேய்த்துக் குளித்த மாதிரி. கன்னத்தில் நல்ல நிறம் இருந்த இடத்திலிருந்து எடுத்து இன்னொரு லேயரில், நிறத்தை மட்டும் மாற்றும் எல்சிஹெச் கலர் மோடில் பூசியதும் அது போனது.

உச்சந்தலையில் மூன்றுமே 255. அங்கே மீட்பு கிடையாது, ஏமாற்றுதான். புது லேயர், டார்க்கன் ஒன்லி மோடு, தோல் நிறம், ஒபாசிட்டி 25. இதில் வெள்ளையாக இருக்கும் இடம் மட்டும் இறங்கும், ஏற்கெனவே கறுத்திருக்கும் முடியைத் தொடாது. ஆனால் பூசிய இடம் பிளாஸ்டிக் பொம்மைத் தலை போல வழவழப்பாக நின்றது, கொஞ்சம் நாய்ஸ் (பொடிப்பொடிப் புள்ளிகள்) தூவிய பிறகுதான் பக்கத்துத் தோலோடு சேர்ந்தது. இந்தத் தலைக்கு மட்டும் மூன்று ராத்திரி.

மஞ்சக்குப்பத்தில் ஒரு போட்டோ லேபில் 4x6 பிரிண்ட் போட்டுப் பார்த்தேன். திரையில் அழகாக இருந்தது பேப்பரில் மந்தமாக இருந்தது. விபூதியையும் சேர்த்து இறக்கியிருக்கிறேன்! விபூதி வெள்ளையாகத்தானே இருக்கணும். மாஸ்க்கில் பட்டைகளின் மேல் மட்டும் மறுபடி கறுப்புப் பூசி, பழைய வெளிச்சத்தை விட்டேன். தோல் இறங்கி, பட்டை ஏறி நின்றதும் நெற்றிக்கு ஒரு வளைவு வந்தது, இதைத்தான் ஒரு வாரமாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

8x12 பிரிண்ட் இப்போது கூடத்தில் தொங்குகிறது. தாத்தா கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, “வேட்டி கஞ்சி போட்ட மாதிரி இருக்கு” என்றார், நெற்றியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பாட்டிதான் தன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். “ஏண்டா, என் மூக்குத்தி மின்னவே இல்லையே?”

அதையும் இறக்கியிருக்கிறேன். இன்று ராத்திரி திரும்ப டார்க்டேபிள்.