வேன் பந்தலும் வாடைக் காற்றும்: ஒரு பருவத்தின் நாட்குறிப்பு

செப்டம்பர் 14

சென்னையை அடுத்த கோவளத்துக்குத் தெற்கே, தோழி ஒருத்தியின் குடும்பத்துச் சவுக்குத் தோப்பில் இருக்கிறோம். வேனின் மூக்கைத் தெற்கு நோக்கி நிறுத்தினேன். கதவும் பந்தலும் இடப்பக்கம் என்பதால், விரித்தால் நேர் எதிரே கடல். அப்பாவுக்கு அதுதான் வேண்டும். மூட்டு தேய்ந்த பிறகு அவரால் மணலில் நடக்க முடிவதில்லை. பழைய வேனை வாங்கிக் கட்டிலும் அடுப்பும் வைத்து வீடாக மாற்றியதே அவரை இங்கே கொண்டுவந்து உட்காரவைக்கத்தான்.

வேனின் பக்கவாட்டில் விரியும் துணிக் கூரையைக் கடைக்காரர்கள் ஆனிங் என்கிறார்கள். எங்கள் வீட்டில் அது முதல் நாளே பந்தல் ஆகிவிட்டது. 3 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம். கைப்பிடியைச் சுழற்றினால் கூரையோரப் பெட்டியிலிருந்து துணி வெளியே வரும். ஒரு மீட்டர் வந்ததும் நிறுத்தி, முன்சட்டத்துக்குள் மடங்கிக் கிடக்கும் இரண்டு கால்களையும் இறக்கி ஊன்றிவிட வேண்டும். அதன் பிறகே மீதியை விரிக்கலாம். கால் இல்லாமல் முழுவதும் விரித்தால் எடை மொத்தமும் துணியைத் தாங்கும் பக்கக் கைகளில் தொங்கும்.

மூன்று மணிக்குக் கடற்காற்று எழுந்தது. துணி படபடவென்று அடித்துக்கொண்டது. முப்பது வருடம் லாரி ஓட்டியவர் அப்பா. தார்ப்பாய் கட்டிய கை அவருடையது. "துணி அடித்துக்கொள்ளக் கூடாதம்மா. இன்னும் இறுக்கு," என்றார். இறுக்கினேன்.

செப்டம்பர் 27

மாலையில் மேற்கே கருத்து, இரவு எட்டு மணிக்கு இடியோடு கொட்டியது. இரண்டு கால்களையும் ஒரே உயரத்தில் வைத்திருந்தேன். பார்க்க நேர்த்தியாக இருந்தது. உள்ளே சமைத்துக்கொண்டிருந்ததால் வெளியே கவனிக்கவில்லை. எட்டிப் பார்த்தபோது துணி நடுவில் பசுமாட்டு வயிறு போலத் தொங்கியது.

பதற்றத்தில் துடைப்பத்தின் பிடியால் நடுவிலேயே முட்டினேன். அப்படிச் செய்திருக்கக் கூடாது. தண்ணீர் முழுவதும் ஒரே நேரத்தில் ஒரு பக்கம் புரண்டு, அந்தப் பக்கத்துக் கால் மணலில் இறங்கிவிட்டது. நல்ல வேளை, கீழே அப்பா இல்லை. ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி வடித்திருக்க வேண்டும்.

செப்டம்பர் 28

கணக்குப் போட்டேன். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். பந்தல் 7.5 சதுர மீட்டர். 20 மில்லிமீட்டர் பெய்தால் 150 லிட்டர், அதாவது 150 கிலோ. சென்னைப் பக்கத்து இடிமழைக்கு அது அரை மணி நேர வேலை. அதில் பாதி தேங்கினாலும் ஓர் ஆள் பந்தல் மேல் ஏறிப் படுத்திருப்பதற்குச் சமம்.

மொட்டைமாடிக்குத் தளம் போடும் கொத்தனார் முதலில் பார்ப்பது வாட்டம். தண்ணீர் எந்த மூலைக்கு ஓட வேண்டும் என்று தீர்மானித்த பிறகுதான் கரண்டியைத் தொடுவார். இனி இதற்கும் வாட்டம். மழை வாசனை வந்ததுமே பின்பக்கக் காலை ஒரு சாண் இறக்கிவிடுகிறேன். கதவு முன்பக்கம் இருப்பதால் வழியும் தண்ணீர் காலடியில் விழாது. நடுவில் துணியைத் தூக்கிப் பிடிக்க ஒரு குறுக்குச் சட்டமும் செருகியாகிவிட்டது.

அக்டோபர் 18

இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

காலையிலிருந்தே காற்றில் ஏதோ மாற்றம். அப்பா முகர்ந்து பார்த்துவிட்டு, "வாடை திரும்புகிறது," என்றார். நான் வழக்கம்போலக் கடலைப் பார்த்தே பந்தலை விரித்து, கால்களை லாரிக் கயிற்றால் முளைகளோடு இறுக்கிக் கட்டியிருந்தேன். இரண்டு மணிக்குக் காற்று சட்டென்று நின்றது. சவுக்கின் இரைச்சலும் நின்றது. சாப்பிட்டுவிட்டுச் சுருட்டலாம் என்று தட்டு எடுத்தேன். பிறகு ஒரே வீச்சு, குளிர்ந்த காற்று. மழை மேகத்திலிருந்து கீழே இறங்கித் தரையில் பரவும் காற்று அது. மழைக்கு முன்னால் வந்துவிடுகிறது.

கடலிலிருந்து வந்து பந்தலுக்கடியில் நுழைந்த காற்றுக்கு எதிரே வேனின் சுவர். மேலே போவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. மணலிலிருந்து முளைகள் பல் பிடுங்கியதைப் போல வந்துவிட்டன. முன்சட்டத்தைப் பிடித்துத் தொங்கினேன். என்னையும் சேர்த்துத் தூக்கியது. "விடம்மா! கையை விடு!" அப்பா அவ்வளவு சத்தமாகக் கத்தி நான் கேட்டதில்லை. விட்டேன். பந்தல் கூரைமேல் மடங்கி விழுந்தது. ஒரு கால் வேனின் பக்கத்தில் மோதிப் பள்ளமாக்கியது. பக்கக் கை ஒன்று வளைந்துவிட்டது.

அப்பாவின் நாற்காலி பந்தல் காலுக்கு இரண்டடி தூரத்தில்தான் இருந்தது.

அக்டோபர் 21

மூன்று நாளாக எங்களுக்குள் பேச்சு இதுதான். இன்னும் கனமான கயிறு வேண்டும் என்பது அப்பாவின் கட்சி. என் வாதம் வேறு: லாரியில் தார்ப்பாய்க்கு அடியில் சரக்கு இருக்கிறது, காற்று நுழைய இடமில்லை, அதனால் இறுக்கம்தான் பாதுகாப்பு. இங்கே அடியில் வெறும் இடம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகிறது. அதற்குக் கொஞ்சமும் நெகிழ்ந்து கொடுக்காவிட்டால் கயிறு தாங்கும், மூட்டு உடையும். நான் சொல்லி முடித்ததும் அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் ஸ்பிரிங் போட வேண்டும்," என்றார்.

பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டைக்குப் போனோம். இரண்டு ஸ்பிரிங்கும், பந்தலின் மேலாகப் போட்டுக் கட்ட அகலமான பெல்ட்டும் கிடைத்தன. வளைந்த கையை ஒரு பட்டறையில் நிமிர்த்தினார்கள்.

மணலுக்கு முளை ஆகாது. இது அப்பாவின் யோசனை: சாக்கில் மணல் நிரப்பி, நடுவில் பெல்ட்டைக் கட்டி, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டிப் படுக்கவைத்து மூடு. மேலே இருக்கும் மணலின் எடையும் சேர்ந்து பிடிக்கும். என் பலம் முழுவதும் போட்டு இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

நவம்பர் 4

மழையில் நனைந்த துணியைச் சுருட்டிக்கொண்டு திருவான்மியூருக்குத் திரும்பி, ஐந்து நாள் அப்படியே விட்டுவிட்டேன். இன்று விரித்தால் பூஞ்சணம், கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள். குடியிருப்பின் வாகன நிறுத்தத்தில், வெயில் எட்டிப்பார்த்த இரண்டு மணி நேரத்துக்குள், இளஞ்சூட்டு நீரும் மென்மையான சோப்பும் வைத்துத் தேய்த்தேன். பிளீச்சிங் பவுடர் போடச் சொன்னார் பக்கத்து வீட்டு அக்கா. மறுத்துவிட்டேன், தையல் நூல் இற்றுப்போகும். ஈரமாகச் சுருட்டினால் மறுநாளே விரித்துவிட வேண்டும், தெருவில் பாதி விரித்தாவது. பந்தல் கைகளின் மூட்டில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. நல்ல தண்ணீரில் கழுவினேன். கிரீஸ் தடவவில்லை, மணல் ஒட்டும்.

நவம்பர் 16

தோப்புக்குத் திரும்பினோம். வேனை நிறுத்தும் முன் அப்பாவே சொன்னார்: "மூக்கை வடமேற்கே திருப்பு."

அவர் சொன்னது சரி. வாடை வடகிழக்கிலிருந்து வருகிறது. மூக்கு வடமேற்கில் இருந்தால் வேனின் வலப்பக்கச் சுவர் காற்றை வாங்கிக்கொள்ளும், இடப்பக்கத்துப் பந்தல் மறைவில் நிற்கும். ஆனால் கடல் முதுகுக்குப் பின்னால் போய்விடும். அதனால்தான் இத்தனை நாளாக நான் இதைச் சொல்லவில்லை. அவர் வேண்டுமென்று கேட்ட ஒரே காட்சியை எப்படி மறைப்பது?

பந்தலை முழுவதும் விரிக்காமல் ஒன்றரை மீட்டரோடு நிறுத்தினேன். பின்பக்கக் கால் ஒரு சாண் தாழ்வு. சாக்குகள் மண்ணுக்குள். மேலே காற்று சீறிப்போவது கேட்டது, துணி அசையவில்லை.

நவம்பர் 29

வங்கக்கடலில் தாழ்வு மண்டலம். சென்னைத் துறைமுகத்து வானிலை ரேடாரின் படத்தைக் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். போகவில்லை. மறைவுப் பக்கம் என்று நம்பி நிறுத்துவதெல்லாம் காற்று திசை மாறாத வரைதான். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையேறியபோது வடக்கிலிருந்து அடித்த காற்று ஓய்ந்து, எல்லோரும் வாசலுக்கு வந்த பிறகு தெற்கிலிருந்து அடித்தது. பந்தல் பெட்டிக்குள். வேன் மரமில்லாத இடத்தில்.

டிசம்பர் 13

வானம் விட்டிருக்கிறது. தோப்பில் பந்தலை விரித்துக் கட்டி முடித்தபோது நாற்காலியைக் காணவில்லை. அப்பா அதை மெல்ல நகர்த்தி, வேனின் பின்மூலைக்குக் கொண்டுபோய்விட்டிருந்தார். அங்கே உட்கார்ந்தால் தென்கிழக்கே, சவுக்குத் தண்டுகளுக்கிடையில் கடல் ஒரு கீற்றாகத் தெரிகிறது. காற்று முதுகைத் தொடுவதோடு சரி.

"இது போதும்," என்றார். டீயை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நாலு மணிக்குச் சவுக்கின் இரைச்சல் கனத்தது. மழை இன்னும் தூரத்தில் இருந்தது. டீ ஆறுவதற்குள் சுருட்டிவிட்டேன். அப்பா கைப்பிடியைப் பிடித்துக் கடைசிச் சுற்றுகளை அவரே சுற்றினார்.