தறிக்காரன் காலும் 120 டிகிரியும்

சோமனூர்ப் பக்கம் 22 வருடமாகத் தறி ஓட்டுகிறேன். ஷிப்ட் முழுக்க நிற்கிற வேலை. இடது காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு புடைத்ததும் (வெரிகோஸ் என்பார்கள்), கணுக்காலுக்கு மேலே தோல் கருத்துப்போனதும் எனக்குப் பெரிதாகப் படவில்லை. எங்கள் குடோனில் பாதிப் பேர் கால் அப்படித்தான் இருக்கும். போன மாசியில் குளிக்கும்போது அரிப்பெடுத்த இடத்தைச் சொறிந்தேன், ரத்தம் பீய்ச்சிவிட்டது. வலியே இல்லை, அதுதான் பயம். "ஏனுங்க மாமா, முதல்ல படுங்க" என்று வீட்டுக்காரி காலைத் தூக்கித் திண்ணைமேல் வைத்து, துண்டை மடித்து அழுத்திப் பிடித்தாள். பத்து நிமிடத்தில் நின்றது.

முதலில் போன இடத்தில் படுக்க வைத்தே ஸ்கேன் எடுத்து, ஒன்றுமில்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கோயம்புத்தூரில் அடுத்துப் பார்த்த ரத்தக்குழாய் டாக்டர் நிற்க வைத்து எடுத்தார். கெண்டைக்காலை அமுக்கி விட்டதும், மேலே போன ரத்தம் திரும்பக் கீழே இறங்குவது திரையில் தெரிந்தது. அரை விநாடிக்கு மேல் இறங்கினாலே, ரத்தம் திரும்பாமல் தடுக்கக் குழாய்க்குள் இருக்கும் வால்வு பழுதாம். எனக்கு மூன்று விநாடி. கீறி உருவுகிற பழைய ஆபரேஷன் வேண்டாம், ரேடியோ அலைச் சூட்டில் பழுதான குழாயை உள்ளேயே மூடிவிடலாம் என்றார்.

இன்சூரன்ஸ்காரர்கள் இது அழகுக்காகச் செய்வது என்று தள்ளிவிட்டார்கள். கருத்த தோலின் போட்டோவோடு ரத்தம் போன விவரத்தையும் டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள். முதல் எஸ்டிமேட்டில் கேத்தீட்டர், அதாவது ரத்தக்குழாய்க்குள் விட்டுச் சூடு வைக்கும் மெல்லிய கம்பி போன்ற கருவி, அதன் விலையே இல்லை. பில்லில் பெரிய தொகை அதுதான், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு ஆளுக்கு ஒரு தடவை மட்டும் போடும் பொருள் என்பதால் சீல் பிரிக்காத பெட்டியைக் காட்டச் சொன்னேன். நர்ஸம்மா முகம் சுளிக்காமல் காட்டினார்.

முழு மயக்கம் இல்லை. முழங்காலுக்குக் கீழே ஒரு ஊசித்துளை, அதன் வழியே கேத்தீட்டர். நுனியில் 7 சென்டிமீட்டர்தான் சூடாகும். தொடை இடுக்கில் ஆழத்துக் குழாயோடு சேரும் இடத்துக்கு 2 சென்டிமீட்டர் முன்பே அதை நிறுத்துகிறார்கள். இன்னும் நெருங்கினால் அங்கே ரத்தம் உறையும் அபாயம். சூட்டைவிட வலித்தது, அதற்கு முன் தொடை நெடுகக் குத்திய மரப்பு மருந்து கலந்த சலைன் ஊசிகள். அந்தத் தண்ணீர்தான் தோலைச் சூட்டிலிருந்து காக்கும் என்றதால் பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்புறம் மெஷினில் 120 டிகிரி. 20 விநாடி, கொஞ்சம் கீழே இழுப்பு, மறுபடி 20. மேலே முதல் இடத்துக்கு மட்டும் இரண்டு தடவை. மொத்தம் ஏழு. சூடு ஓடியது 140 விநாடி, இதற்கா இரண்டு மாதம் அலைந்தோம் என்றிருந்தது.

சாக்ஸ் மாட்டிவிட்டு உடனே நடக்கச் சொன்னார்கள். சித்திரை வெயிலில் அந்த இறுக்குச் சாக்ஸ் இருக்கிறதே! பாதத்தில் பாலிதீன் கவர் போட்டு ஏற்றி, பிறகு விரல் பக்கத் திறப்பு வழியாகக் கவரை உருவிவிட்டால் சுலபம். ஐந்தாம் நாள் தொடைக்குள் கயிறு இழுப்பதுபோல் இருந்தது, தானே சரியானது. திரும்ப எடுத்த ஸ்கேனில் ரத்தக்கட்டி இல்லை. முழங்கால் உள்பக்கம் மட்டும் இன்னும் லேசாக மரத்திருக்கிறது.

குடோனுக்குத் திரும்பிய அன்று எதிர்த்தறிக்காரர் வேட்டியைத் தூக்கிக் காலைக் காட்டி, "எனக்கும் இப்படித்தானுங்க இருக்குது, ஸ்கேன் எடுத்து ஒண்ணுமில்லைன்னுட்டாங்க" என்றார். நின்னுக்கிட்டு எடுத்தாங்களா, படுத்துக்கிட்டா என்று கேட்டேன்.