எங்கள் தெரு நாய்களுக்குக் கருத்தடை செய்த கதை

தெரு நாய்களுக்குக் கருத்தடை செய்வதில் அறுவை சிகிச்சைதான் சுலபமான வேலை. அதை மருத்துவர் பார்த்துக்கொள்வார். நம் பாடு தெருவில் இருக்கும் மனிதர்களோடுதான். சென்னையில் இதைச் செய்து பார்த்த அனுபவத்தை, இதே யோசனையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

ஐப்பசி, கார்த்திகையில் நாய்கள் கூட்டமாகத் துரத்திக்கொண்டு திரியும். இரண்டு மாதம் கழித்துச் சாக்கடை ஓரம் குட்டிகள் கத்தும். அதில் பாதி வண்டியில் அடிபட்டுச் சாகும். வருஷா வருஷம் இதைப் பார்க்க முடியாமல் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பேச்சை எடுத்தேன். "புடிச்சிட்டுப் போய் ஊருக்கு வெளிய எங்கயாவது விட்டுடச் சொல்லுங்க சார்" என்றார் செயலாளர். பலரும் தலையாட்டினார்கள்.

அப்படி விட முடியாது. 2023-ல் வந்த விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, கருத்தடை செய்து ரேபிஸ் தடுப்பூசி போட்ட நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். டெல்லி நாய்களைக் காப்பகங்களில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றமும் 2025 ஆகஸ்ட் 22 அன்று அதைத் திருத்தி, வெறி பிடித்தவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றை அதே இடத்தில் விடச் சொன்னது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற வளாகங்களுக்கு நவம்பரில் வந்த உத்தரவு வேறு.

சட்டம் பேசினால் கூட்டத்தில் யார் கேட்கிறார்கள்? காரியத்தைச் சாதித்தது கடைசி வரிசையில் இருந்த ஒரு பெரியவர். "அந்தக் காலத்துல கார்ப்பரேஷன் நாய் வண்டி வந்தா எங்க நாயை உள்ள இழுத்துப் பூட்டிக்குவோம். புடிச்சதை எல்லாம் கரண்டு வெச்சுக் கொன்னாங்க. நாய் குறைஞ்சுதா?" என்றார். குறையவில்லை என்பதுதான் வரலாறு. குப்பையும் மிச்சச் சோறும் இருக்கும் வரை, காலியான இடத்துக்கு அடுத்த தெரு நாய் வந்துவிடும், அதுவும் ஊசி போடாத நாய். 1959-ல் கேப்டன் சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு, 1964-லிருந்தே கருத்தடைதான் வழி என்று சொல்லிவந்தது. மாநகராட்சி அந்த வழிக்கு வந்தது 1996-ல்.

மாநகராட்சியின் 1913 என்ற புகார் எண்ணில் பதிவு செய்வதும், கருத்தடை செய்யும் விலங்குகள் காப்பகத்தில் பேசுவதும் பெரிய விஷயமில்லை. சிக்கல் வேறு இடத்தில் வந்தது. நாய்களுக்குத் தினமும் சோறு வைப்பவர் தெருமுனையில் இஸ்திரி போடும் அக்கா. அவர் கூப்பிட்டால்தான் அவை வரும். அவரோ, "போன தடவை புடிச்சிட்டுப் போனது திரும்பி வரவே இல்ல தம்பி. மறுபடியும் நானே புடிச்சிக் குடுக்கணுமா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நியாயமான கேள்விதான்.

அவரைக் காப்பகத்துக்கே அழைத்துப்போனேன். மூன்று காலில் தத்தி வந்த ஒரு நாய், கால் உடைந்து படுத்திருந்த மாடு, ஊசிக்குழலில் பால் குடித்துக்கொண்டிருந்த பூனைக்குட்டிகள் எல்லாவற்றையும் நின்று நின்று பார்த்தார். மருத்துவர் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. கூண்டு கழுவும் ஊழியரிடம்தான் துருவித் துருவிக் கேட்டார். ஒவ்வொரு நாய்க்கும் எண் கட்டி, எந்தத் தெரு, எந்த மூலை என்று நோட்டில் எழுதிவைப்பதை அவர் காட்டினார். திரும்பும் வழியில் அக்கா சொன்னது இவ்வளவுதான்: "எழுதிக்கறாங்க தம்பி. அப்ப சரி."

முதல் நாள் இரவு சோறு வைக்கவில்லை. மயக்க மருந்து கொடுக்கும்போது வயிறு காலியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாந்தி மூச்சுக்குழலில் போய்விடும். காலையில் வண்டி வந்தபோது அக்காவே ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கயிறு மாட்டினார். வலைக்கு அதிகம் வேலை இருக்கவில்லை. மணி மட்டும் காலி மனைச் சுவரைத் தாண்டி ஓடிவிட்டான். ஆறு மாதம் நிரம்பாத குட்டிகளையும் பால் கொடுக்கும் தாயையும் எடுக்க மாட்டார்கள், அவற்றை எண்ணி ஏமாறாதீர்கள். எல்லா நாய்க்கும் செல்போனில் படம் எடுத்து, படுக்கும் இடத்தையும் குறித்துவையுங்கள். திரும்ப விடும்போது நமக்கே சந்தேகம் வரும்.

சில நாளில் எல்லாம் ஒரு காது நுனி நறுக்கப்பட்டு வந்து இறங்கின. கருத்தடை ஆனதற்கு அதுதான் அடையாளம். அதற்குள் தெருவில், "பாவிங்க, காதை அறுத்துட்டாங்க" என்று ஒரு பேச்சு. "ஆபரேஷன் பண்ணினா குரைக்காதாமே?" என்று இன்னொரு கவலை. அன்றிரவே சாப்பாடு கொண்டுவந்த டெலிவரி பையனைக் கருப்பி வாசலோடு நிறுத்திவிட்டாள். கவலை தீர்ந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது அதன்பின் நடந்ததுதான். காப்பகத்திலிருந்து ஒருவர் வந்து எங்கள் மொட்டை மாடியில் பிள்ளைகளிடம் பேசினார். சாப்பிடும் நாயைத் தொடாதே, குட்டி போட்ட நாயிடம் போகாதே, நாய் துரத்தினால் ஓடாதே. கடித்தால் குழாயடியில் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரி. திட்டுவார்கள் என்று பயந்து பிள்ளைகள் கடியை மறைப்பதுதான் உயிருக்கே உலை என்றார். ஒரு பையன் எழுந்து, "சின்னதா கீறினாக்கூட சொல்லணுமா அங்கிள்?" என்றான். அவன் அம்மா அவனை அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டு போய்க் கை காலெல்லாம் பார்த்தார்.

மணி இன்னும் பிடிபடவில்லை. வண்டிச் சத்தம் கேட்டாலே ஆள் மாயம். ஆட்டோவில் கூட்டிப்போய்விடலாம் என்கிறார் அக்கா. ஆட்டோக்காரர்தான் இன்னும் சம்மதிக்கவில்லை.