புகைக்குழாய் இழுக்கிற மூச்சு

லாரி ஒர்க்‌ஷாப்பில் இன்ஜின் ஓடும்போதே ஆயில் மூடியைக் கழற்றி, அந்த வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார்கள். குப்குப்பென்று புகை கையைத் தள்ளினால் ‘பேக் கம்ப்ரெஷன்’ என்று தீர்ப்பு. பிஸ்டன் ரிங் செட்டுக்குப் பணம் தேட வேண்டியதுதான். நேர்கோட்டில் சீறிப் போகும் டிராக் ரேஸ் வண்டியின் இன்ஜினில் புது ரிங் போட்ட அன்றைக்கே இது கொஞ்சம் இருக்கும். எரியும் வாயு ரிங் இடுக்கு வழியே கீழே இறங்குவதை எந்த ரிங்காலும் முழுதாக நிறுத்த முடியாது. முழு த்ராட்டிலில் இறங்கும் வாயுவுக்கு நாம் வழி விடாவிட்டால் அதுவே வழி பண்ணிக்கொள்ளும்: பின்பக்க மெயின் சீல், வால்வு கவர் கேஸ்கெட், டிப்ஸ்டிக் குழாய், எது இளகியிருக்கிறதோ அது.

எண்ணெய் கசிவு கண்ணுக்குத் தெரிகிற சேதம். தெரியாத சேதம் பிஸ்டனுக்கு மேலே நடக்கிறது. கிராங்க்கேஸில், அதாவது பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் சுழலும் அறையில், அழுத்தம் ஏறினால் எண்ணெய்ப் புகை ரிங்கைத் தாண்டி எரியறைக்குப் போகும். பெட்ரோலோடு எண்ணெய் கலந்தால் அதன் ஆக்டேன் இறங்கும். கலவை தாறுமாறாகத் தானே வெடித்து இன்ஜின் நாக் அடிக்கும். டியூனர் (இன்ஜினைச் சரிக்கட்டும் மெக்கானிக்) தீப்பொறி டைமிங்கைக் குறைப்பார், பெட்ரோலை மாற்றுவார், கார்புரேட்டர் ஜெட்டை மாற்றுவார். பிளக்கின் பீங்கானில் படிந்திருக்கும் எண்ணெய்க் கருப்பை யாரும் லென்ஸ் வைத்துப் பார்ப்பதில்லை.

அமெரிக்க டிராக் ரேஸ்காரர்கள் இதற்குக் கண்ட மலிவான வழி, வால்வு கவரிலிருந்து ஒரு ஹோஸை எடுத்து ஹெடரின் (சிலிண்டர்களிலிருந்து புகை வரும் பைப்புத் தொகுப்பின்) கலெக்டரில், அதாவது அந்தப் பைப்புகள் ஒன்று சேரும் குழாயில், சேர்த்துவிடுவது. வேகமாக ஓடும் எக்ஸாஸ்ட் புகை கிராங்க்கேஸ் காற்றையும் கூட இழுத்துப் போகும். பெயின்ட் ஸ்பிரே கன்னும் பழைய கொசுமருந்துப் பம்பும் வேலை செய்கிற அதே தத்துவம். 1960-க்கு முந்தைய கார்களில் இன்ஜினுக்கு அடியில் தொங்கிய டிராஃப்ட் டியூபும் இதற்கு உறவுக்காரன்தான்: நுனியைச் சாய்வாக வெட்டி, வாயைப் பின்பக்கம் பார்க்க விட்டிருப்பார்கள், ஓடும் காற்று புகையை உறிஞ்சும். கலிஃபோர்னியா 1961 மாடல்களிலிருந்து, கிராங்க்கேஸ் புகையை இன்டேக்குக்கே திருப்பி அனுப்பும் பி.சி.வி. வால்வைக் கொண்டுவந்த பிறகு அந்தக் குழாய் மெல்ல மறைந்தது.

ஆனால் ‘புகை இழுக்கிறது’ என்பது பாதி உண்மைதான். கலெக்டரில் புகை ஆறு மாதிரி ஒரே சீராக ஓடுவதில்லை. ஒவ்வொரு எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் ஒரு தள்ளு, அதன் பின்னால் ஒரு இழுப்பு. பக்கத்துக்கு நான்கு சிலிண்டர் கொண்ட சின்ன பிளாக் செவர்லே வி8-ன் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, 1-8-4-3-6-5-7-2. ஒற்றைப்படை எண்கள் எல்லாம் ஒரு பக்கம். அந்தப் பக்கத்துக் கலெக்டரில் துடிப்புகள் கிராங்க் சுழற்சியில் 270, 180, 90, 180 டிகிரி இடைவெளியில் வந்து விழும். 90-ல் தள்ளு மேல் தள்ளு. 270-ல் நீண்ட இழுப்பு. 7000 ஆர்.பி.எம்.மில் ஒரு பக்கத்துக்கு நொடிக்கு சுமார் 233 துடிப்பு. தள்ளும்போது வழியை மூடி, இழுக்கும்போது மட்டும் திறந்துவிட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் செக் வால்வு. இந்த ஏற்பாட்டின் உயிர் வெல்டு செய்த குழாயில் இல்லை, இந்த வால்வில் இருக்கிறது. உள்ளே இருக்கும் தட்டு கனமாக இருந்தால் 233 துடிப்புக்கு அது ஈடு கொடுக்காது. பாதித் திறப்பில் நின்று நடுங்கிக்கொண்டே இருக்கும். புல்லட்டில் கிராங்க்கேஸ் காற்றை வெளியே விடும் பிரீதர் குழாய் நுனியில் வாத்து அலகு மாதிரி ஒரு ரப்பர் இருக்குமே, அதற்கும் இதே வேலைதான். ஒற்றை சிலிண்டரில் பிஸ்டன் இறங்கி ஏறுவதே கிராங்க்கேஸுக்குப் பெரிய பம்பு, அதனால் ரப்பரே போதும். வி8-ல் ஒன்று இறங்க இன்னொன்று ஏறும், மொத்தக் கொள்ளளவு அவ்வளவாக மாறாது. அதனால்தான் இழுப்பை வெளியிலிருந்து கடன் வாங்க வேண்டியிருக்கிறது.

பொருத்துவது ஒரு நாள் வேலை. பக்கத்துக்கு ஒரு பிரீதர், ஒரு செக் வால்வு, ஒரு ஸ்டீல் குழாய், 5/8 அல்லது 3/4 அங்குல ஹோஸ், கிளாம்புகள். குழாயைக் கலெக்டரில் நான்கு பைப்புகளும் முடியும் இடத்துக்கு எவ்வளவு கிட்டே வைக்க முடியுமோ அவ்வளவு கிட்டே, புகை போகும் திசைக்கு 30-லிருந்து 45 டிகிரி சாய்வில் வெல்டு செய்ய வேண்டும். கலெக்டரின் திறந்த வாய்ப்பக்கம் தள்ளிப் போகப் போக இழுப்பு குறையும். உள்ளே நீளும் நுனியைச் சாய்வாக வெட்டி, நீளமான உதடு இன்ஜின் பக்கமும் திறந்த வாய் புகை வெளியேறும் பக்கமும் இருக்கும்படி திருப்புங்கள். அந்த உதடு வருகிற புகைக்குத் தடுப்பு. அதன் முதுகுப்பக்கம்தான் இழுப்பு பிறக்கிறது. திருப்பி வெல்டு செய்துவிட்டால் குழாய் புகையை வாயில் வாங்கிக் கிராங்க்கேஸுக்கு ஊதும். பார்க்கச் சிரிப்பாக இருந்தாலும் அடிக்கடி நடக்கிற தவறு, ஏனென்றால் டாக் அடிக்கும்போது (முதல் புள்ளி வெல்டு வைக்கும்போது) ஹெடர் பெரும்பாலும் பெஞ்சில் தலைகீழாகக் கிடக்கும். டாக் அடிப்பதற்கு முன் கலெக்டர் மேலேயே சாக்குக்கட்டியால் ஒரு அம்புக்குறி போட்டுக்கொள்வது நல்லது. வெட்டிய நுனி மட்டும் உள்ளே போனால் போதும். அதற்கு மேல் நீட்டினால் புகைக்கே குறுக்கே நிற்கும்.

வால்வைக் கலெக்டரோடு ஒட்டி வைக்காதீர்கள். நடுவே ஒரு சாண் ஸ்டீல் குழாய் விட்டால் சூடு கொஞ்சம் ஆறும். வால்வு நிமிர்ந்து நிற்கட்டும். படுத்திருந்தால் எண்ணெய் தங்கி, காய்ந்து, கரியாகித் தட்டைக் கவ்விக்கொள்ளும். ஹோஸுக்கு ஹீட்டர் ஹோஸை எடுப்பவர்கள் உண்டு. அது தண்ணீருக்கான ரப்பர், எண்ணெய் பட்டால் ஊதிக் கொழகொழத்துப் போகும். எண்ணெய் தாங்கும் நைட்ரைல் ஹோஸ்தான் வேண்டும், அதுவும் ஹெடர் பைப்பிலிருந்து விலகி ஓட வேண்டும்.

பிரீதரை எங்கே வைப்பது என்பதில் ஒரு நுணுக்கம். லாஞ்சில் கார் முன்னே பாயும்போது எண்ணெய் பின்னே ஓடும். வால்வு கவரின் பின் மூலையில் குளம் கட்டும். பிரீதர் அங்கே இருந்தால் புகையோடு எண்ணெயையும் சேர்த்துக் குடிக்கும். முன்பக்கம், உயரமான இடத்தில், அடியில் ஒரு தடுப்புத் தகடோடு வையுங்கள். தடுப்பு இல்லாத பிரீதர் ராக்கர் விசிறும் எண்ணெயைக் கலெக்டருக்கு அனுப்பி, ஓட்டம் முடிந்து த்ராட்டிலை விட்டதும் நீலப்புகையாகக் காட்டும். பார்த்தவர்கள் இன்ஜின் போய்விட்டது என்பார்கள்.

மற்ற வழிகளை எல்லாம் அடைக்க வேண்டும். ஒரு திறந்த பிரீதர் மிச்சம் இருந்தாலும் வெளிக்காற்றுதான் சுற்றி வரும், கிராங்க்கேஸில் வெற்றிடம் சேராது. டிப்ஸ்டிக்கின் தலை, டிஸ்ட்ரிபியூட்டர் அடி ஓ-ரிங், இன்டேக் மேனிஃபோல்டின் முன்பின் ஓரங்கள் எல்லாம் ஓட்டை ஒளியும் இடங்கள்.

அளக்காமல் நம்ப வேண்டாம். டிப்ஸ்டிக் குழாயில் ஒரு மேப் (அழுத்தம் அளக்கும்) சென்சரை மாட்டி டேட்டா லாகரில் பதிவது சுத்தமான வழி. 2 பார் சென்சர் போடுங்கள். 1 பார் சென்சர் அழுத்தம் மேலே போகும்போது ஊமையாகிவிடும், நமக்குத் தெரிய வேண்டியதோ அதுதான். செலவு செய்ய மனமில்லாதவர்களுக்கு யு வடிவில் ஒரு தெளிவான பிளாஸ்டிக் குழாயும் தண்ணீரும் போதும்: 1 அங்குல பாதரசம் என்பது சுமார் 34.5 சென்டிமீட்டர் தண்ணீர். நடுவே ஒரு காலி பாட்டிலை இணையுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரை இன்ஜின் குடித்துவிடும். ஐடிலில் ஒன்றும் தெரியாது. அது குறையல்ல, புகைக்கு அப்போது வேகம் இல்லை. முழு த்ராட்டிலில் சில அங்குலப் பாதரசம் கிடைத்தாலே மகிழ்ச்சி. பெல்ட்டில் ஓடும் வேக்யூம் பம்பு 10, 15 அங்குலம் தரும். அதோடு இதைப் போட்டி போட வைக்கக் கூடாது. ஆனால் அந்தப் பம்பு கிராங்க்கிலிருந்து சக்தியைத் தின்னும், 15-ஐத் தாண்டினால் பிஸ்டன் பின்னுக்கு எண்ணெய்த் தெறிப்பு குறையுமோ என்று கவலைப்பட வைக்கும். புகைக்குழாய்க்கு அந்தக் கவலையே இல்லை, பாவம், அவ்வளவு இழுக்க அதற்கு வலுவும் இல்லை. அதனால் இதை நம்பி, சிலிண்டர் சுவரை லேசாக மட்டுமே அழுத்தும் லோ-டென்ஷன் ஆயில் ரிங் போடுவது சரியில்லை. அந்த ரிங் பம்பு தரும் வெற்றிடத்தை எண்ணிச் செய்யப்பட்டது.

ஆக்ஸிஜன் சென்சர் இருந்தால் அது இந்தக் குழாய்க்கு முன்னால், இன்ஜின் பக்கம் இருக்க வேண்டும். பின்னால் இருந்தால், இழுத்து வந்த காற்றைப் பார்த்து ‘லீன்’ (பெட்ரோல் போதவில்லை) என்று பொய் சொல்லும், டியூனர் பெட்ரோலைக் கூட்டுவார், கூடுதல் பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெயைக் கழுவும், ரிங் தேயும், பேக் கம்ப்ரெஷன் ஏறும். வட்டம் முழுதாகிவிடும்.

செக் வால்வைக் கொல்வது பெரும்பாலும் டூ-ஸ்டெப் என்கிற ஆர்.பி.எம். கட்டுப்பாடு. லாஞ்சில் ஆர்.பி.எம்.மைப் பிடிக்க இக்னிஷனை வெட்டும்போது எரியாத கலவை ஹெடருக்குள் போய் அங்கே வெடிக்கும். ஒவ்வொரு வெடிப்பும் செக் வால்வின் தட்டில் ஒரு அறை. தட்டு வளைந்தால் அடுத்த வெடிப்பு நேரே வால்வு கவருக்குள் போகும். அங்கே எண்ணெய்ப் புகையும் பெட்ரோல் ஆவியும் காத்திருக்கின்றன.

சைலென்ஸர் மாட்டிய தெரு வண்டியில் இதைப் பொருத்த வேண்டாம். பின்னழுத்தம் வால்வை மூடியே வைத்திருக்கும், மற்ற வழிகளையும் நாம்தான் அடைத்துவிட்டோம், கேஸ்கெட் பிதுங்கும். கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் இருந்தால் எண்ணெய் போய் அதையும் கெடுக்கும். அங்கே பழைய பி.சி.வி. வால்வுதான் சரி. டர்போ வண்டியில் டர்பைனுக்கு முன்னால் எப்போதும் தள்ளுதான், இழுப்பே கிடையாது.

ஒவ்வொரு ரேஸ் நாளுக்கு முன்பும் வால்வைக் கழற்றி, ஹோஸ் பக்கத்திலிருந்து வாயால் ஊதுங்கள்: காற்று தாராளமாகப் போக வேண்டும். கலெக்டர் பக்கத்திலிருந்து ஊதினால் கன்னம் உப்ப வேண்டும், காற்று நகரக் கூடாது. குலுக்கினால் கரித்துண்டு உருளும் சத்தம் கேட்டால் பெட்ரோலில் ஊற வைத்து நேரம் வீணாக்காமல் புதிதை மாட்டுங்கள். வேக்யூம் அளவு போன மாதத்தைவிடக் குறைந்திருந்தால் முதலில் இந்த வால்வைப் பாருங்கள், பிறகு ஓ-ரிங்குகளை. இரண்டும் சரியென்றால் சிலிண்டர் கசிவை அளக்கும் லீக்-டவுன் டெஸ்டரை எடுக்கலாம்.