மணிக்குப் பூச்சி மாத்திரை கொடுத்த அன்று

"இருக்காதுன்னு உறுதியாச் சொல்ல முடியாதும்மா." அந்தப் பெண்ணுக்கு நான் சொன்ன பதில் இவ்வளவுதான். இதில் பொய் எதுவும் இல்லை. நாய் மூலம் பரவுகிற ஒரு நீர்க்கட்டி நோயைப் பற்றி நான் சொன்னதும், "அப்போ எம்புள்ளைக்கும் இது வந்திருக்குமா டாக்டரம்மா?" என்று அவர் கேட்டார், நான் இப்படிச் சொன்னேன். வெளிநோயாளிகளைப் பார்க்கும் ஓபியில் எதையுமே நூறு சதவீதம் உறுதியாகச் சொல்லாமல் பேசிப் பேசித்தான் கால்நடை மருத்துவர்களான நமக்கெல்லாம் பழக்கம். ஆனாலும் இந்த ஒரு பதிலை என்னால் கடந்து போக முடியவில்லை.

அவர்கள் வந்ததே வேறு விஷயத்துக்கு. கணவருக்குக் கறிக்கடை. பள்ளிக்கூடம் சேர்க்காத வயதில் ஒரு பையன். நாய் பெயர் மணி, செவலை நிறத்து நாட்டு நாய். வாலடியில் அரிசி அரிசியாக ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது, பிள்ளை படுக்கிற பாயிலும் அதே மாதிரி ஒன்று நெளிந்தது என்று அந்தப் பெண் சொன்னார். மெடிக்கலில் பூச்சி மருந்து என்று கேட்டு வாங்கி ஏற்கெனவே ஊற்றியிருந்தார்கள். பாட்டிலைக் கொண்டு வந்திருந்தார். ஃபென்பெண்டசோல். உருண்டைப் புழுவுக்கு நல்ல மருந்து. இந்தப் புழுவை அது ஒன்றும் செய்யாது.

வாலைத் தூக்கிப் பார்த்தேன். முடியில் காய்ந்துபோன புழுத் துண்டுகள் இரண்டு மூன்று இருந்தன. ஆசனவாய் ஓரத்தில் புதிதாக வந்த ஒன்று, நீண்டும் சுருங்கியும் நகர்ந்துகொண்டிருந்தது. அதை ஸ்லைடில் வைத்து ஒரு சொட்டு சலைன் விட்டு, மேலே இன்னொரு கண்ணாடியால் அழுத்தி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது, முட்டைகள் பை பையாகச் சேர்ந்திருப்பது தெளிவாகத் தெரிந்தது. டைபைலிடியம் கேனினம். நாய்களில் நாம் அதிகம் பார்க்கிற நாடாப்புழு இதுதான். துண்டு முழுசாகவே வெளியே வந்துவிடுவதால், மலத்தை மட்டும் பரிசோதித்தால் பல நேரம் முட்டை கண்ணில் படாது. வாலடியையும் படுக்கிற சாக்கையும் பார்ப்பதுதான் நல்ல பரிசோதனை. பின்பக்கத்தைத் தரையில் தேய்த்தாலே பூச்சி என்று நினைத்து வருகிறார்கள். அதற்குப் பெரும்பாலும் ஆசனவாய்ச் சுரப்பி அடைப்புதான் காரணம்.

"உண்ணிதான் டாக்டரம்மா இருக்கு, தெள்ளெல்லாம் இல்ல" என்றார் கணவர். இடுப்புக்கு மேலே முடியை விலக்கிக் கறுப்புப் பொடியைக் கொஞ்சம் எடுத்து, ஈரப் பஞ்சில் வைத்துக் காட்டினேன். பஞ்சில் செம்பழுப்பாகப் பரவியது. தெள்ளு குடித்துக் கழித்த ரத்தம் அது. புழுவின் முட்டையைத் தெள்ளின் குஞ்சுப் புழு தின்கிறது, அது வளர்ந்து தெள்ளாகிறது, அரிக்கிற இடத்தை நாய் கடிக்கும்போது அந்தத் தெள்ளை விழுங்கிவிடுகிறது. இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி வாலடியில் துண்டு. அதனால் மாத்திரை மட்டும் கொடுத்துவிட்டுச் சாக்கை அப்படியே போட்டுவைத்தால், அடுத்த மாதம் "உங்க மருந்து வேலை செய்யல" என்று வந்து நிற்பார்கள். நாயின் மேல் இருக்கிற தெள்ளு கொஞ்சம்தான். முட்டையும் குஞ்சும் கூடுமாக மிச்சமெல்லாம் சாக்கிலும் தரை இடுக்கிலும் திண்ணை மண்ணிலும் கிடக்கிறது. சாக்கை எரிக்கச் சொன்னேன். தெள்ளுக்குத் தனியாக மருந்து எழுதினேன்.

மணி 18 கிலோ. நாடாப்புழுவுக்கான மருந்து பிரசிகுவாண்டல், கிலோவுக்கு 5 மில்லிகிராம். ஒரு மாத்திரையில் 50 மில்லிகிராம் இருக்கும், ஆக இரண்டு மாத்திரை. செத்த புழு குடலிலேயே செரித்துப் போய்விடும், மலத்தில் தேடினால் கிடைக்காது, அதனால் மருந்து கேட்கவில்லை என்று நினைக்காதீர்கள் என்றும் சொன்னேன். பிள்ளை தவறித் தெள்ளை விழுங்கினால் அவனுக்கும் இந்தப் புழு வரலாம், ஆனால் இது பயப்படுகிற புழு இல்லை, மருந்தில் போய்விடும், வேண்டுமானால் குழந்தை டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அந்தப் பெண்ணின் முகம் தெளிந்தது. அத்தோடு அனுப்பியிருக்கலாம்.

ஆனால் கேட்டேன். "சாப்பாடு என்ன போடுறீங்கண்ணே?"

"கடைக் கழிவுதான். ஈரல்ல, நுரையீரல்ல தண்ணிக்கட்டி இருந்தா யாரும் வாங்க மாட்டாங்க. வெட்டி இவனுக்குப் போட்டுருவேன்."

இதைக் கேட்ட பிறகு எந்தக் கால்நடை மருத்துவரும் சும்மா இருக்க முடியாது என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். கட்டி எப்படி இருக்கும் என்று விசாரித்தேன். ஆட்டு வயிற்றுக் கொழுப்புச் சவ்வில் மெல்லிய தோலோடு தொங்குகிற பை என்றால், அது வேறொரு நாடாப்புழுவின் குஞ்சு. மனிதருக்கு அதனால் பயம் இல்லை. அவர் சொன்னது அப்படி இல்லை. நுரையீரலுக்குள்ளேயே புதைந்திருக்கும், வெள்ளையாகக் கெட்டித் தோல், கத்தி பட்டால் தெளிந்த தண்ணீர் பீய்ச்சும் என்றார். அது எகினோகாக்கஸ் கிரானுலோசஸ் என்கிற புழுவின் கட்டியாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். அந்தக் கட்டியைத் தின்ற நாயின் குடலில் சில மில்லிமீட்டர் நீளமே உள்ள புழுக்கள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும்கூட வளரும். நாய்க்கு ஒன்றும் ஆகாது, நன்றாகத் தின்னும், ஓடும். வாலடியில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஏறக்குறைய ஆறு ஏழு வாரத்தில் மலத்தோடு முட்டை வர ஆரம்பிக்கும். கையிலோ கீரையிலோ தண்ணீரிலோ பட்டு அந்த முட்டை மனிதர் வயிற்றுக்குள் போனால் ஈரலில், அல்லது நுரையீரலில், நீர்க்கட்டி. ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் வளரும். ஆபரேஷன், மாதக்கணக்கில் அல்பெண்டசோல் மாத்திரை என்று போகும்.

கண்ணுக்குத் தெரிந்த புழுவுக்குப் பயந்து வந்தவர்களிடம், தெரியாத புழுவைப் பற்றிச் சொன்னேன். நிதானமாகத்தான் சொன்னேன். அப்போதுதான் அந்தப் பெண் பையனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டார். நானும் அந்தப் பதிலைச் சொன்னேன்.

"பெரும்பாலும் இருக்காதும்மா" என்றும் சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதான். நாயோடு புரண்டு வளர்கிற பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு இந்தக் கட்டி வருவதில்லை. மணிக்கு அந்தப் புழு இருந்ததா என்பதே எனக்குத் தெரியாது. அதன் முட்டை மைக்ரோஸ்கோப்பில் மற்ற டீனியா வகை நாடாப்புழுக்களின் முட்டை மாதிரியே இருக்கும், பார்த்துப் பிரிக்க முடியாது. வேறு சோதனைக்கு எங்கள் மருந்தகத்தில் வசதி கிடையாது. நல்லவேளையாக இரண்டு புழுவுக்கும் மாத்திரை ஒன்றுதான். உள்ளே எது இருந்திருந்தாலும் அன்றைக்கே செத்திருக்கும். முட்டையை மட்டும் அந்த மருந்து கொல்லாது. அதனால் இரண்டு நாள் நாயைக் கட்டிவைத்து மலத்தை அள்ளிப் புதைக்கச் சொன்னேன், பையனுக்குச் சாப்பிடும் முன் சோப்பு போட்டுக் கை கழுவிவிடச் சொன்னேன், ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாத்திரை என்று சீட்டில் எழுதினேன். கட்டி விழுந்த உறுப்பை ஆழக் குழி வெட்டி மூடுங்கள், இல்லையென்றால் அரை மணிக்கு மேல் நன்றாகக் கொதிக்கவைத்துப் போடுங்கள் என்றேன். எல்லாம் சொன்னேன். ஆனால் கேள்விக்கான பதிலுக்குப் பிறகு சொன்ன எதுவும் அந்தப் பெண்ணின் காதில் ஏறியதாகத் தோன்றவில்லை.

"நான் போடாட்டாலும் தெருநாய் தின்னத்தானே போகுது?" என்று போகும்போது கணவர் கேட்டார். அதனால்தான் குழி என்றேன். தலையாட்டினார்.

சில மாதம் கழித்துக் கழிச்சல் கண்ட கிடாக்குட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். மணி எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். "விட்டுட்டோம் டாக்டரம்மா" என்றார். எங்கே என்றால், ஆட்டுச் சந்தையில். "அங்கன்னா கழிவு கிடைக்கும், பட்டினி கிடக்க மாட்டான்."

அவர் அதைப் பாசத்தோடுதான் செய்திருக்கிறார். கண் கலங்கித்தான் சொன்னார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாத்திரை விழுங்கியிருக்க வேண்டிய நாய், ஆடு வெட்டுகிற இடத்தில், ஆடு மேய்கிற இடத்தில், யாரும் மருந்து கொடுக்காத நாயாகப் போய்விட்டது. பிரசிகுவாண்டல் ஒரே நாளில் உடம்பை விட்டுப் போய்விடுகிற மருந்து. மறுநாள் இன்னொரு கட்டியைத் தின்றால் மறுபடி முதலிலிருந்து. அந்தப் பையனை நோயிடமிருந்து காப்பாற்ற நான் சொன்ன வார்த்தை, வேறு யார் பிள்ளைக்கோ ஆபத்தை நகர்த்திவிட்டதா? மணி விஷயத்தில் மட்டும் கேட்டால், ஆமாம் என்றுதான் தோன்றுகிறது.

ஆனால் அதே மூச்சில் அவர் இன்னொன்றும் சொன்னார். கடைக்குப் பின்னால் குழி வெட்டிவிட்டாராம். இடுப்பளவு ஆழம், மேலே பலகைக் கல். கட்டி இருந்தால் அதற்குள்தான். பக்கத்துக் கடைக்காரரும் அதிலேயே கொண்டு வந்து போடுகிறாராம். எத்தனை முகாமில் மைக் பிடித்துப் பேசியிருக்கிறோம், எத்தனை துண்டறிக்கை கொடுத்திருக்கிறோம். கழிவைப் புதைக்கிற ஒரு கறிக்கடையை அதுவரை நான் பார்த்ததில்லை. ஒரு நாய் வெளியே போனது, அந்தத் தெரு நாய்கள் எத்தனையோ அந்தக் கட்டியைத் தின்னாமல் தப்பித்தன. கணக்காகப் பார்த்தால் லாபம். இப்படிக் கணக்குப் பார்க்க ஆரம்பித்தாலே எனக்கு உறுத்துகிறது. கையை நீட்டினால் நக்கிய, மாத்திரையை ஈரல் துண்டில் வைத்துக் கொடுத்ததும் மறுக்காமல் விழுங்கிய நாய் அது.

மூத்த மருத்துவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "உண்மையை மறைக்கச் சொல்றியா?" என்றார். ஐஸ்லாந்தைப் பற்றி அவர்தான் பேச்செடுத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தக் கட்டி அங்கே மிக அதிகம். டென்மார்க்கிலிருந்து ஹரால்டு கிராபே என்கிற ஆராய்ச்சியாளர் 1863இல் அங்கே போய் ஆராய்ந்து, நாய்க்கு மருந்து கொடுங்கள், கட்டி உள்ள உறுப்பை நாய்க்குப் போடாதீர்கள் என்று எளிய கையேடு எழுதினார். அது வீடுவீடாகப் போனது, படித்த ஜனங்கள் கடைப்பிடித்தார்கள், நோய் ஒழிந்தது. சரி, நானும் அதைத்தானே செய்தேன் என்று ஆறுதலாக இருந்தது. அப்புறம் அந்த நாட்டைப் பற்றி மேலும் படித்தபோது, 1924இல் ரெய்க்யாவிக் நகரத்தில் நாய் வளர்க்கவே தடை போட்டார்கள், அந்தத் தடை 1984 வரை இருந்தது என்று தெரிந்தது. தடைக்கு முக்கியக் காரணம் இதே புழு. நோய் ஒழிந்த இடத்திலும் நாய் வீட்டைவிட்டு வெளியேதான் போயிருக்கிறது. இதை அவரிடம் சொன்னபோது, "அதுக்கு என்ன பண்றது" என்றார். எனக்கும் பதில் தெரியவில்லை.

கிடாக்குட்டியோடு வந்த அன்று மணியைத் திரும்பக் கூட்டி வாருங்கள், மாத்திரையை நானே கொடுக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டாள் என்றார். பையனுக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டார்களாம், ஒன்றும் இல்லையாம். அப்புறம் என்ன பயம் என்று கேட்டேன்.

"இப்ப இல்லாட்டியும் வருசக்கணக்குல மெதுவா வளரும்னு நீங்கதானே சொன்னீங்க."

ஆமாம், நான்தான் சொன்னேன். அதுவும் உண்மைதான்.

இப்போதெல்லாம் வரிசையை மாற்றிவிட்டேன். மாத்திரை கொடுத்து, அடுத்த தேதியைச் சீட்டில் எழுதிக் கையில் கொடுத்த பிறகுதான் சாப்பாடு பற்றிக் கேட்கிறேன். நீர்க்கட்டி என்று காதில் விழுந்தால், "நாயை வெச்சுக்கிட்டே இதைச் சரி பண்ணலாம், பயப்படாதீங்க" என்றுதான் ஆரம்பிக்கிறேன். பிள்ளையைப் பற்றிக் கேட்டால் "பெரும்பாலும் இருக்காது" என்பதை முதலில் சொல்கிறேன். இப்படிச் சொன்ன பிறகு யாரும் நாயைக் கொண்டுபோய் விட்டதாகக் கேள்விப்படவில்லை. குழி வெட்டியதாகவும் கேள்விப்படவில்லை.