பழைய ஈகோ சால்வென்ட் மெஷினுக்கு விலை பேசுமுன்

யூவி, லேடெக்ஸ் மை மெஷின்களுக்கு மாறுகிறவர்கள், பேனரும் வினைல் ஸ்டிக்கரும் அடிக்கும் தங்கள் ஈகோ சால்வென்ட் (கரைப்பான் கலந்த மை) பிரிண்டரை விற்கிறார்கள். வாங்குபவர்கள் தயவுசெய்து பாடியைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மதிப்பெல்லாம் மை தெளிக்கும் ஹெட்டில்தான்.

விற்பவர் நீட்டும் நாசில் செக் தாள் (ஹெட்டின் துளைகள் எல்லாம் மை விடுகின்றனவா என்று கோடுகளாக அடித்துப் பார்ப்பது) பெரும்பாலும் க்ளீனிங் போட்ட கையோடு எடுத்தது. நீங்களே ஒன்று எடுங்கள். பிறகு நான்கு நிறத்திலும் முழு அகலத்துக்கு சாலிட் பட்டை அரை மணி நேரம் ஓடவிட்டு மறுபடி எடுங்கள். முதலில் இருந்த கோடுகள் இப்போது விட்டுப்போனால் ஹெட் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம்; பெரும்பாலும் டேம்பரில் (ஹெட்டுக்கு மை போகும் வழியில் உள்ள சின்ன மைப் பெட்டி) காற்று புகுந்திருக்கும், அல்லது மை வரத்து குறைந்திருக்கும். சின்னச் செலவு. இரண்டு க்ளீனிங்குக்குப் பிறகும் அதே இடத்தில் கோடு இல்லை என்றால்தான் கவலை. ஒரு நிறத்தில் இன்னொன்று கலந்து வந்தால் கேப்பிங் ஸ்டேஷனையும் (ஓடாதபோது ஹெட்டை மூடிவைக்கும் இடம்) ஹெட்டைத் துடைக்கும் வைப்பரையும் பாருங்கள். ஹெட் எங்கே இருக்கிறது என்று மெஷின் படிக்கும் என்கோடர் ஸ்ட்ரிப்பில் மைக்கறை இருந்தாலே படம் இடம் மாறி விழும்.

வேகத்தை பிரோஷரில் படிக்காதீர்கள், அது குறைந்த பாஸ் (ஒரே இடத்தின் மேல் ஹெட் ஓடும் தடவை) கணக்கு. 4 பாஸில் அடிப்பதை 8 பாஸில் அடித்தால் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பு.

அன்றே லேமினேட் செய்து (மேலே பிளாஸ்டிக் படலம் ஒட்டி) கொடுக்கும் வேலை அதிகம் என்றால் இந்த மெஷினே வேண்டாம். சால்வென்ட் வெளியேற ஒரு நாளாவது வேண்டும்; அவசரப்பட்டால் வினைல் ஓரம் சுருண்டு எழும்பும். யூவி மை உடனே காயும், ஆனால் வண்டி வளைவில் இழுத்து ஒட்டினால் பல யூவி மைகள் விரிசல் விடும்.